வால்டோர்ஃப் தட்டு, வேலூர்க் குடல்

*ஊர் மாறினால் முகவரி மாறும், வரி எண் மாறும். சிறுகுடலில் எது மாறும், எது கடைசிவரை மாறாது? ஜெர்மனிக்கு வேலைக்குப் போன நம்மவர்களின் 'ஒத்துக்கலை'க்குப் பின்னால் ஒரு விசாரணை.*

மணி பன்னிரண்டு ஆகச் சில நிமிடம் இருக்கும்போதே வால்டோர்ஃப் அலுவலகத் தாழ்வாரங்களில் 'மால்ட்சைட்' என்ற குரல் கேட்கத் தொடங்கிவிடும். சாப்பாட்டு நேரத்தில் ஜெர்மானியர் வணக்கத்துக்குப் பதிலாகச் சொல்வது அது. உணவகத்தில் வரிசை நகர்கிறது. தட்டில் கேஸெ ஷ்பெட்ஸ்லெ விழுகிறது. கோதுமை மாவையும் முட்டையையும் சேர்த்துச் செய்த குட்டையான நூடுல்ஸ், மேலே உருகிய சீஸ், அதற்கும் மேலே மொறுமொறுவென்று வறுத்த வெங்காயம். இறைச்சி இல்லாத உணவு என்பதால் நம்மவர் கை முதலில் அதற்குத்தான் நீளும். சாப்பிட்டு முடித்ததும் உயரமான கண்ணாடிக் குவளையில் லாட்டே.

ஒன்றரைக்குக் கூட்டம். இரண்டரை மணிக்கு, பெர்லினிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் திரையில் ஆட்கள் பேசிக்கொண்டிருக்கையில், குடியாத்தத்துக்காரரின் வயிறும் பேச ஆரம்பிக்கிறது. அவசரமாக மைக்கை அணைக்கிறார். பக்கத்தில் இருக்கும் மதுரைக்காரர் குனிந்து, "என்னண்ணே, சீஸ் ஒத்துக்கலையா?" என்கிறார்.

இந்த இருவரும் இந்தக் கட்டுரைக்காகக் கற்பனை செய்த ஆட்கள். தட்டும் குவளையும் அந்தச் சத்தமும் கற்பனை இல்லை. ஜெர்மனியில் வேலை பார்க்கும் தமிழர்கள் நாலு பேர் கூடினால் விசா, வாடகைக்கு அடுத்தபடி வருகிற பேச்சு இதுதான். ஆனால் மதுரைக்காரர் சொன்ன தீர்ப்பு தவறு. சீஸ் நிரபராதி. உண்மையான காரணங்கள் வேறு இரண்டு, மூன்று இருக்கின்றன. அவை எல்லாமே இரைப்பைக்குக் கீழே, சில மீட்டர் நீளமுள்ள ஒரு மெல்லிய குழாயில் தீர்மானமாகின்றன.

வால்டோர்ஃப் பெரிய ஊர் இல்லை. ஹைடெல்பெர்க்குக்குத் தெற்கே, ஏறக்குறைய 15,000 பேர் வசிக்கும் சிறு நகரம். 1763இல் இங்கே ஒரு கசாப்புக்காரர் வீட்டில் பிறந்த ஜான் ஜேக்கப் ஆஸ்டர் அமெரிக்கா போய்ப் பெருஞ்செல்வர் ஆனார். அதனால் நியூயார்க்கின் வால்டோர்ஃப் ஓட்டலுக்கும், அங்கே பிறந்த ஆப்பிள்-செலரி சாலட்டுக்கும் இந்த ஊரின் பெயர் போய்ச் சேர்ந்தது. 1972இல் ஐ.பி.எம். நிறுவனத்திலிருந்து விலகிய ஐந்து பேர் தொடங்கிய எஸ்.ஏ.பி. 1977இல் தலைமையகத்தை இங்கே கொண்டுவந்தது. இன்று வீஸ்லோக்-வால்டோர்ஃப் ரயில் நிலைய மேடையில் தமிழ் காதில் விழுவது ஆச்சரியமே இல்லை.

அதே மேடையில் எஸ்-பான் ரயில் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் ஹைடெல்பெர்க். நம் குடியாத்தத்துக்காரர் வாரக் கடைசியில் கோட்டை பார்க்கவும் பாலத்தில் நின்று படம் எடுக்கவும் போகிற ஊர். தன் குடலைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்ததில் கணிசமான பகுதி அங்கேதான் கண்டுபிடிக்கப்பட்டது என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடுத்த ஊரில் நடந்த ஆராய்ச்சி

தட்டில் இருந்தது இரைப்பையில் கூழாகி, சிறிது சிறிதாக முன்சிறுகுடலுக்குள் இறங்குகிறது. கூடவே அமிலமும் வருகிறது. குடல் சுவர் புண்ணாகாமல் அந்த அமிலத்தைத் தணிக்க, காரத்தன்மையுள்ள சளியைச் சுரக்கும் சுரப்பிகள் அங்கே இருக்கின்றன. 1687இல் அவற்றை விவரித்து எழுதியவர் ஹைடெல்பெர்க் பேராசிரியர் யோஹான் கான்ராட் ப்ரூனர். இன்றும் மருத்துவ மாணவர்களுக்கு அவை ப்ரூனர் சுரப்பிகள்தான். இதே ப்ரூனர் சில ஆண்டுகளுக்கு முன் நாய்களின் கணையத்தை வெட்டி எடுத்துப் பார்த்திருந்தார். நாய்கள் ஓயாமல் தண்ணீர் குடித்தன, ஓயாமல் சிறுநீர் கழித்தன என்று குறித்தும் வைத்தார். அது சர்க்கரை நோயின் அறிகுறி என்று அவருக்குத் தோன்றவில்லை. அந்த முடிச்சு 1889இல் ஸ்ட்ராஸ்பர்க்கில்தான் அவிழ்ந்தது.

அடுத்து வந்தவர்கள் உடற்கூறு அறிஞர் ஃப்ரீட்ரிஷ் டீடமானும் வேதியியலர் லியோபோல்ட் க்மெலினும். குடலில் உறிஞ்சப்படுவதெல்லாம் நிணநீர்க் குழாய்கள் வழியாகத்தான் இரத்தத்தில் சேரும் என்று நம்பப்பட்டுவந்த காலம். விலங்குகளுக்கு நிறமும் மணமும் உள்ள பொருள்களைக் கொடுத்து, அவை எங்கே போகின்றன என்று இவர்கள் தேடினார்கள். பலவும் குடலிலிருந்து நேராகச் சிரைகளின் இரத்தத்தில் கலப்பதை 1820இல் வெளியிட்டார்கள். பிறகு பாரிஸ் அறிவியல் அகாதெமி செரிமானம் பற்றிய ஆய்வுக்குப் பரிசு அறிவித்தது. இவர்களும் கலந்துகொண்டார்கள். அகாதெமி முழுப் பரிசைத் தராமல், இவர்களுக்கும் ஒரு பிரெஞ்சுக் குழுவுக்கும் ஊக்கத்தொகையாகப் பிரித்துக் கொடுக்க முன்வந்தது. ஹைடெல்பெர்க்காரர்கள் அந்தப் பணத்தை வாங்க மறுத்துவிட்டு, 1826-27இல் தங்கள் ஆய்வைத் தாங்களே நூலாக வெளியிட்டார்கள். மாவுச்சத்து குடலில் சர்க்கரையாக மாறுவது அந்த நூலில் இருக்கிறது. காளையின் பித்தநீரிலிருந்து பிரித்தெடுத்த ஒரு புதிய பொருளும் இருக்கிறது: டாரின். ராத்திரி கண்விழித்து நிரல் எழுதுகிறவர் மேசையில் இருக்கும் எனர்ஜி டிரிங்க் டப்பாவில் எழுதியிருக்குமே, அதே டாரின்தான். (டப்பாவில் இருப்பது ஆலையில் செயற்கையாகத் தயாரித்தது, காளை பயப்பட வேண்டாம்.) நம் உடலில் அது பித்த அமிலத்தோடு சேர்ந்து, ஷ்பெட்ஸ்லெ மேல் உருகிக் கிடந்த கொழுப்பை நுண்துளிகளாகப் பிரிக்க உதவுகிறது.

1870களில் வில்ஹெல்ம் க்யூனே. கணைய நீரில் புரதத்தை அறுக்கும் பொருளுக்கு ட்ரிப்சின் என்றும், இப்படி வேலை செய்யும் பொருள்களுக்குப் பொதுவாக என்சைம் என்றும் பெயர் சூட்டியவர் இவர். இதுவும் ஹைடெல்பெர்க்கில்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது 1901இல் நடந்தது. பாதி செரித்த புரதத்தைக் குடல் சுவரோடு சேர்த்து வைத்தால் அது காணாமல் போகிறது என்று ஆய்வாளர்கள் பார்த்திருந்தார்கள். குடல் சுவர் அதை மறுபடி முழுப் புரதமாகக் கட்டிவிடுகிறது என்பது அன்றைய விளக்கம். அப்படிக் கட்டப்பட்ட புரதத்தை நிரூபிக்கப் போன இளம் ஆய்வாளர் ஓட்டோ கோன்ஹைமுக்கு அது எங்குமே கிடைக்கவில்லை. கிடைத்தவை தனித்தனி அமினோ அமிலங்கள். குடல் கட்டவில்லை, கடைசி அளவுக்கு உடைக்கிறது. உடைக்கும் நொதி சுவரிலேயே இருக்கிறது. அதற்கு எரெப்சின் என்று பெயர் வைத்தார். பல நொதிகளின் கூட்டம் அது என்று பின்னால் தெரிந்தது. சிறுகுடல் வெறும் வழித்தடம் என்ற எண்ணத்துக்கு அந்த ஆண்டோடு இடமில்லாமல் போயிற்று.

> சிறுகுடல்: எண்களில்
>
> உயிருள்ள மனிதரில் நீளம் ஏறக்குறைய 3 முதல் 5 மீட்டர். இறந்த பின் தசை தளர்ந்து 6 மீட்டரையும் தாண்டும். பாடநூலில் படித்த பெரிய எண் அங்கிருந்து வந்தது.
>
> 'டென்னிஸ் மைதானம் அளவு பரப்பு' என்று இன்னமும் எழுதுகிறார்கள். 2014இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் மறுபடி அளந்தபோது, செரிமானப் பாதை முழுவதற்குமே 32 சதுர மீட்டர்தான் வந்தது. அரை பேட்மின்டன் மைதானம். அதில் பெரும்பகுதி சிறுகுடலுடையது.
>
> ஒரு நாளில் உள்ளே வரும் திரவம் 8 லிட்டருக்கு மேலும் இருக்கலாம். குடித்தது அதில் ஏறக்குறைய 2 லிட்டர். மற்றது எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல் நீர். பெரும்பகுதியைச் சிறுகுடலே திரும்ப உறிஞ்சிவிடும்.
>
> உள்சுவரின் செல்கள் 3 முதல் 5 நாளில் புதிதாகிவிடும்.
>
> வெறும் வயிற்றில் 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒருமுறை, மிச்சம் மீதியைக் கீழே தள்ளும் சுருக்க அலை ஓடும். மதியச் சாப்பாட்டுக்கு முன் கேட்கும் 'கடமுடா' பெரும்பாலும் அதன் சத்தம். வாயில் ஏதாவது போட்டால் அலை நின்றுவிடும்.

லாட்டேயில் இருந்த 12 கிராம்

நன்றாக முதிர்ந்த சீஸில் பால் சர்க்கரையான லாக்டோஸ் ஏறக்குறைய இல்லை. தயாரிக்கும்போதே மோரோடு ஒரு பங்கு போய்விடும், மீதியைக் கிருமிகள் தின்றுவிடும். அதனால்தான் சீஸ் நிரபராதி என்றேன். லாட்டே அப்படியில்லை. 100 மில்லி பாலில் ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவாக லாக்டோஸ் உண்டு. கால் லிட்டர் பால் ஊற்றிய குவளையில் 12 கிராம். லாக்டோஸ் செரிக்காதவர்களில் பெரும்பாலோர் ஒரே வேளையில் தாங்கக்கூடிய அளவு 12 கிராம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் சொல்லியிருக்கிறது. நம்மூர் டபரா காப்பியில் இந்த எல்லையை யாரும் தொட்டதில்லை. ஜெர்மன் குவளையில் தொட்டுவிடுகிறார்கள்.

லாக்டோஸை உடைப்பது, சிறுகுடல் சுவரில் விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சிகளின் விளிம்பில் இருக்கும் லாக்டேஸ் நொதி. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய எல்லாருக்கும் அது நிறைய உண்டு. உலக மக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குச் சிறு வயதிலேயே அது குறைந்துவிடுகிறது. இது நோய் இல்லை; பாலூட்டிகளின் இயல்பே இதுதான். வளர்ந்த பிறகும் லாக்டேஸ் சுரப்பதுதான் விலக்கு. அந்த விலக்குக்குக் காரணமான ஒற்றை எழுத்து மரபணு மாற்றத்தை ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 2002இல் கண்டுபிடித்தார்கள். ஜெர்மானியர்களில் பெரும்பாலோருக்கு அது இருக்கிறது. இந்தியாவிலும் அதே மாற்றம்தான் காணப்படுகிறது என்றும், வடமேற்கில் அதிகமாகத் தொடங்கித் தெற்கும் கிழக்கும் வர வரக் குறைகிறது என்றும் 2012இல் ஓர் ஆய்வு காட்டியது. பஞ்சாபிச் சக ஊழியர் அரை லிட்டர் பாலைக் குடித்துவிட்டுச் சும்மா இருக்க, நம்மாள் நெளிவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

செரிக்காத லாக்டோஸ் தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே கிருமிகள் அதை நொதிக்கவைத்து வாயுவாக்குகின்றன. அந்த வாயுவில் உள்ள ஹைட்ரஜனில் ஒரு பகுதி இரத்தத்தில் கலந்து மூச்சில் வெளியேறுகிறது. மருத்துவமனையில் லாக்டோஸ் கரைசலைக் குடிக்கவைத்து, நேரம் விட்டு நேரம் ஒரு கருவியில் ஊதச் சொல்வது அந்த ஹைட்ரஜனை அளக்கத்தான்.

"தினமும் கொஞ்சம் குடிச்சுப் பழகினா சரியாயிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் தொலைபேசியில் சொல்வார்கள். பாதி சரி. லாக்டேஸ் திரும்பி வராது. பத்து வருடம் வால்டோர்ஃபில் இருந்தாலும் வராது. ஆனால் பெருங்குடல் கிருமிகள் பழகிக்கொள்வதால் தொந்தரவு குறையலாம். தயிர் ஏன் ஒத்துக்கொள்கிறது என்ற கேள்விக்கும் விடை உண்டு. உயிருள்ள தயிர்க் கிருமிகள் தங்கள் சொந்த நொதியோடு வந்து, சிறுகுடலுக்குள்ளேயே லாக்டோஸை உடைத்துத் தருகின்றன. லாக்டோஸ் நீக்கிய பாலும் லாக்டேஸ் மாத்திரையும் ஜெர்மன் கடைகளில் மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கும்.

ரொட்டி எத்தனை மணி நேரம் புளித்தது?

இரண்டாவது சந்தேகம் வறுத்த வெங்காயத்தின் மேல். வெங்காயம், பூண்டு, கோதுமை மூன்றிலும் ஃப்ரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. அதை உடைக்கும் நொதி எந்த மனிதச் சிறுகுடலிலும் கிடையாது. தமிழனுக்கும் இல்லை, ஜெர்மானியனுக்கும் இல்லை. எல்லாருக்கும் அது பெருங்குடலுக்குத்தான் போகும். சிலருக்குக் குடல் நரம்புகள் கூருணர்வோடு இருப்பதால் வலியும் உப்புசமும் தெரிகின்றன. ஏப்ரல் முதல் ஜூன் 24 வரை இந்த வட்டாரமே கொண்டாடும் வெள்ளை அஸ்பாரகஸிலும் இது நிறைய உண்டு. வால்டோர்ஃபைச் சுற்றியுள்ள மணல் பூமி அதற்குப் பேர்போனது. சீசனில் அதை மறுத்தால் விருந்து வைத்தவர் முகம் வாடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

கோதுமை ரொட்டி சாப்பிட்டால் வயிறு உப்புகிறது என்று சொல்கிறவர்களில் பலருக்குப் பிரச்சினை இந்த ஃப்ரக்டானாக இருக்கலாம். இதே மாநிலத்தில் உள்ள ஹோஹென்ஹைம் பல்கலைக்கழகம் 2016இல் மாவைப் புளிக்கவைத்து அளந்து பார்த்தது. ஒரு மணி நேரம் புளித்த மாவில் இத்தகைய சர்க்கரைகள் மிக அதிகம். நாலரை மணி நேரத்தில் அதில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியது. அவசர ரொட்டிக்கும் பழைய முறைப்படி நிதானமாகச் சுட்ட ரொட்டிக்கும் உள்ள வித்தியாசம் இது. ராத்திரி முழுக்க மாவைப் புளிக்கவைக்கும் இட்லிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மரபணு நம்மிடமும் இருக்கிறது

மூன்றாவது விஷயம் விளையாட்டில்லை. சிலியாக் நோய் உள்ளவர்களுக்குக் கோதுமையின் குளூட்டன் புரதம் உள்ளே போனால், உடலின் எதிர்ப்பு மண்டலம் தன் குடலையே தாக்குகிறது. விரல் போல நீண்டிருக்கும் உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. இரும்பு, கால்சியம், ஃபோலேட் எதுவும் சரியாக உள்ளே ஏறாது. ஐரோப்பாவில் நூற்றுக்கு ஒருவர் அளவில் காணப்படும் இந்த நோயைத் தென்னிந்தியாவில் எங்கோ ஒருவரிடம்தான் மருத்துவர்கள் பார்த்திருப்பார்கள். நம் மரபணு வேறு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

2016இல் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் கோவிந்த் மகாரியா உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தைக் கலைத்தது. வட இந்தியா, வடகிழக்கு, வேலூர் ஆகிய மூன்று பகுதிகளில் 23,331 பேரைப் பரிசோதித்தார்கள். நோய்க்கான எதிர்பொருள் வடக்கே 1.23 விழுக்காட்டினரிடம், வடகிழக்கில் 0.87 விழுக்காட்டினரிடம், தெற்கே 0.10 விழுக்காட்டினரிடம் இருந்தது. ஆனால் நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு வகை மூன்று இடத்திலும் ஏறத்தாழ ஒரே அளவில், மூன்றில் ஒருவரிடம் இருந்தது. பெரிதாக வேறுபட்டது சாப்பிடும் கோதுமை. வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம்; வேலூர்ப் பக்கம் 25 கிராம்.

இப்போது குடியாத்தத்துக்காரரின் ஒரு நாளைக் கணக்குப் பாருங்கள். காலையில் இரண்டு ப்ரோட்ஷென் ரொட்டி, மதியம் ஷ்பெட்ஸ்லெ, மாலையில் ப்ரெட்செல், ராத்திரி சப்பாத்தி. ஊரில் ஒரு வாரத்தில் சாப்பிட்டதை ஒரே நாளில் முடித்துவிடுகிறார். இதனால் தமிழர்களுக்குச் சிலியாக் பெருகும் என்று நான் சொல்லவில்லை. மரபணு இருப்பவர்களிலும் சிறுபான்மையினருக்கே நோய் வருகிறது. ஆனால் 'நம்மாளுக்கு அது வராது' என்று ஒதுக்குவதற்கு இனி ஆதாரம் இல்லை. காரணம் தெரியாத இரத்தசோகை, இளைத்துப்போதல், விடாத வயிற்றுப்போக்கு இருந்தால் குடும்ப மருத்துவரிடம் கேட்டுப் பரிசோதித்துவிடுவதே நல்லது.

> முதலில் பரிசோதனை, பிறகு பத்தியம்
>
> சந்தேகம் வந்ததும் கோதுமையை நிறுத்திவிட்டு, சில மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போவது பலர் செய்யும் தவறு. குளூட்டன் உள்ளே போகாவிட்டால் எதிர்பொருள் குறையும், குடலும் ஆறத் தொடங்கும். முடிவு பொய்யாக 'இல்லை' என்று வரும். இரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பித் திசுப் பரிசோதனையும் முடியும்வரை வழக்கமான சாப்பாடு தொடர வேண்டும்.
>
> ஐரோப்பாவில் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட, ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது.
>
> ஓட்டல் பெருங்காயத்தூளில் கோதுமை மாவு கலந்திருக்கலாம். நோய் உறுதியானவர்கள் இட்லி-சாம்பாரை நம்பி உட்காரும் முன் அதையும் கேட்க வேண்டும்.

வேலூர் சொன்னது

செரிமானக் கதையின் ஒரு முனை ஹைடெல்பெர்க் என்றால் மறுமுனை வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி. 1960களின் தொடக்கத்தில் அன்றைய வடஆற்காடு மாவட்டக் கிராமங்களில் ஒரு விநோதமான வயிற்றுப்போக்கு கொள்ளைநோயாகப் பரவியது. சாப்பிட்டது எதுவும் உடலில் ஒட்டாமல் மக்கள் எலும்பும் தோலுமானார்கள். வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற சிறுகுடல் நோய் அது. செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் கிராமம் கிராமமாகப் போய் அதை ஆராய்ந்தார்கள். நோயில்லாத, நன்றாக நடமாடுகிற கிராமத்து மக்களின் சிறுகுடலும் மேலைநாட்டாருடையதைப் போல் இல்லை என்று அப்போது தெரிந்தது. உறிஞ்சிகள் விரல் போல நீளாமல் இலை போல அகன்று குட்டையாக இருந்தன. மேலைநாட்டாரின் சிறுகுடலில் அவ்வளவாக இல்லாத கிருமிகள் இவர்கள் குடலில் கூட்டமாக இருந்தன.

அந்தக் கிருமிகள் வெறும் தொல்லையா? எம்.ஜே. ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூவரும் 1980இல் 'நேச்சர்' இதழில் ஒரு விடை வெளியிட்டார்கள். அவற்றில் இரண்டு வகைகளாவது வைட்டமின் பி12 தயாரிக்கின்றன. பெருங்குடல் கிருமிகளும் அதைத் தயாரிக்கும், ஆனால் உறிஞ்சும் இடத்தைத் தாண்டிய பிறகு செய்வதால் பயனில்லை. பி12 உடலுக்குள் ஏறுவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான். அதற்கு மேலேயே கிருமிகள் அதைச் செய்து தந்தால் கிடைக்கும். முட்டையும் தொடாத தென்னிந்தியச் சைவர்களுக்கு, அதிகம் கழுவாத கீரையும் கிணற்றுத் தண்ணீரும் கொண்டுவந்த கிருமிகள் இப்படிக் கொஞ்சம் கைகொடுத்திருக்கக்கூடும்.

இப்போது அந்தக் குடல் விமானம் ஏறுகிறது. நியூயார்க்கில் குடியேறிய இந்தியர், பாகிஸ்தானியரை ஆராய்ந்து 1971இல் வெளியான கட்டுரை, புதிய ஊரில் இருக்க இருக்க அவர்களின் சிறுகுடல் அமைப்பும் உறிஞ்சும் திறனும் தேறுவதைக் காட்டியது. சில நாளுக்கு ஒருமுறை புதுச் செல் பூணும் சுவர், சுத்தமான தண்ணீர் கிடைத்ததும் தன்னைச் சீராக்கிக்கொள்கிறது. நல்ல செய்திதான். மறுபக்கமும் உண்டு. 1970களிலேயே பிரிட்டனில் குடியேறிய இந்தியச் சைவர்களிடம் பி12 குறைபாட்டால் வரும் இரத்தசோகை மருத்துவ இதழ்களில் பதிவானது. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு உடனே தெரியாது. வெளிப்படச் சில ஆண்டுகள் ஆகும். வந்து நாலு வருடம் கழித்துக் கால் மதமதப்பு, சோர்வு, ஞாபக மறதி என்று மருத்துவரிடம் போகிறவருக்கு அது ஊர் மாறியதோடு தொடர்புள்ளது என்று தோன்றாது. 'வேலை அழுத்தம்' என்று முடித்துக்கொள்வார்கள்.

வால்டோர்ஃபில் சைவமாக இருப்பது இன்று எளிது. பாலும் சீஸும் கொஞ்சம் பி12 தரும். ஆனால் லாக்டோஸுக்குப் பயந்து பாலை நிறுத்தி, ஓட்ஸ் பாலுக்கு மாறினால் அந்த வழியும் அடைபடும். டப்பாவில் பி12 சேர்த்திருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும், நெடுநாளாக அமிலத் தடுப்பு மாத்திரை போடுபவர்களுக்கும் பி12 உறிஞ்சுதல் குறையும். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது நம்மவர்களில் அபூர்வம் இல்லை.

"கிட்டாவுல மாகன்-டார்ம் வந்திருக்கு"

குளிர்காலத்தில் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுக்களில் அடிக்கடி வருகிற வரி இது. கிட்டா என்பது மழலையர் காப்பகம். மற்றது வாந்தி பேதி. ரோட்டா வைரஸ், நோரோ வைரஸ் இரண்டும் சிறுகுடலைத் தாக்குபவை. ரோட்டா, உறிஞ்சிகளின் நுனியைச் சிதைக்கிறது. லாக்டேஸ் இருப்பதும் அந்த நுனியில்தான். அதனால் பேதி நின்ற பிறகும் சில குழந்தைகளுக்குச் சில நாள் பால் ஒத்துக்கொள்ளாது. நுனி வளர்ந்ததும் சரியாகும். ரோட்டா தடுப்பு மருந்தை ஜெர்மனி 2013 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் பரிந்துரைக்கிறது. இந்தியா 2016இல் தன் தேசியத் திட்டத்தில் சேர்த்தது. இந்தியத் தடுப்பு மருந்து உருவானதில் வேலூரின் ககன்தீப் காங் ஆற்றிய பணி பெரிது.

வாந்தி பேதிக்கு ஜெர்மன் பாட்டிகளின் கைவைத்தியம் கோக்கும் உப்புக் குச்சியும். மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள், சர்க்கரை மிக அதிகம், உப்பு போதாது. நம் பாட்டிகள் கொடுத்த உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி அறிவியலுக்கு இன்னும் நெருக்கமானது. சிறுகுடல் சுவரில் குளுகோஸும் சோடியமும் ஜோடியாக உள்ளே நுழையும் வாயில் ஒன்று உண்டு. அவை போனால் தண்ணீரும் பின்னால் போகும். பேதியில்கூட அந்த வாயில் மூடுவதில்லை. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, பன்கான் என்ற ஊரில் திலீப் மகலநாபிஸ் இந்த வாயில் ஒன்றை நம்பி, சர்க்கரையும் உப்பும் கரைத்த தண்ணீரைக் கொடுத்து ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார். வேலூரில் ராமகிருஷ்ணா குழு, சிறுகுடலில் செரிக்காத வகை மாவுச்சத்தையும் அந்தக் கரைசலில் சேர்த்தால் காலராப் பேதி இன்னும் குறைகிறது என்று 2000இல் நிரூபித்தது. பெருங்குடல் அதை நொதிக்கவைத்துத் தானும் தண்ணீரை உறிஞ்சுவதே காரணம்.

ஊசியாக வந்த குடல் ஹார்மோன்

இந்த ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பேசப்படும் மருந்தும் சிறுகுடலிலிருந்து வந்த யோசனைதான். உணவு சிறுகுடலின் பிற்பகுதியை எட்டியதும், அங்குள்ள சில செல்கள் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோனை வெளியிடும். அந்த ஹார்மோன் கணையத்திடம் இன்சுலின் கேட்கும். இரைப்பையிடம் மெதுவாகப் போ என்னும். மூளைக்குப் போதும் என்று சொல்லும். இரத்தத்தில் அது ஒன்றிரண்டு நிமிடத்திலேயே சிதையும். அதைப் போலவே நடித்து, ஒரு வாரம்வரை தாக்குப்பிடிக்கும்படி உருவாக்கிய மூலக்கூறுதான் செமாக்ளூட்டைடு.

வெள்ளைச் சோறும் மைதா ரொட்டியும் சிறுகுடலின் முதல் பகுதியிலேயே சர்க்கரையாக உறிஞ்சப்பட்டுவிடுவதால், இந்த ஹார்மோனைத் தூண்டும் கடைப்பகுதிக்கு மிகக் குறைவாகவே போய்ச் சேரும். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று சென்னை மோகன் ஆராய்ச்சி மையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2023இல் வெளியிட்ட கணக்கு சொல்கிறது. சர்க்கரை நோய்க்கான அந்தப் போக்கை வால்டோர்ஃபுக்கு வந்தவர்களும் கூடவே எடுத்து வருகிறார்கள். நாற்பதைத் தொடுமுன் இந்த ஊசியைப் பற்றி மருத்துவரிடம் விசாரிக்கிறவர்கள் உண்டு. ஜெர்மனியில் அவர்களுக்குக் கிடைக்கும் பதில் நோயைப் பொறுத்தது. சர்க்கரை நோய்க்கு ஓசெம்பிக் என்ற பெயரில் எழுதினால் அரசுச் சட்டக் காப்பீடு செலவை ஏற்கும். எடை குறைக்க 2023இல் விற்பனைக்கு வந்த வீகோவிக்கு, சட்டப்படி, கைக்காசுதான். இரண்டு ஊசியிலும் இருக்கும் மருந்து செமாக்ளூட்டைடே.